கியர் போடும் வேலை போகலாம். கியர் அறிவு போகலாமா?

மாட்டுங்காவில் கல்யாண சமையல் காண்டிராக்டர் ஒருவரின் கிடங்கு வாசலில் அதிகாலை நாலரை மணிக்கே சத்தம் கேட்கும். அண்டா, தவலை, கேஸ் அடுப்பு, கிரைண்டர், கரண்டிக் கட்டு எல்லாம் வண்டியில் ஏறும். புனேயில் முகூர்த்தம் என்றால் சமையற்காரர்களும் அதே வண்டியில் தூங்கிக்கொண்டே போவார்கள்.

வண்டியை ஓட்டுகிறவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வயது 56. குடியிருப்பு தாராவி 90 அடி சாலையில். மும்பைக்கு வந்து 34 ஆண்டுகள் ஆகின்றன. அதில் 30 ஆண்டுகள் ஸ்டியரிங் பிடித்தே கழிந்தன.

சயான் சிக்னலிலும் செம்பூர் நெரிசலிலும் கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. இதைப் பார்த்த முதலாளி, பழைய குட்டி யானையை விற்றுவிட்டுப் புதிய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கினார். முன்னால் ஐந்து பேர் உட்காரலாம். பின்னால் சாமான் தட்டு. இரண்டு லிட்டருக்கும் குறைவான டீசல் இஞ்சின். ஆறு கியர். ஆனால் கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும். கிளட்ச் பெடலே கிடையாது.

"இனிமே உங்களுக்குக் கால் நோகாது, அண்ணாச்சி. இதை யார் வேணும்னாலும் ஓட்டலாம்" என்றார் முதலாளி.

அன்பாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் அதன் பிற்பாதி டிரைவரின் நெஞ்சில் தைத்துவிட்டது. யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றால், 30 ஆண்டு அனுபவத்துக்கு என்ன மதிப்பு?

இந்தக் கவலை அவர் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. ஸ்டியரிங்கை நம்பி வெளி மாநிலத்தில் குடும்பம் நடத்தும் எத்தனையோ பேருக்கு இன்று இருக்கிற கவலைதான்.

சிறிய இஞ்சின், பெரிய பாரம்

டாட்டா ஏஸ் வண்டி 2005-ல் வெளிவந்தது. இரண்டே சிலிண்டர், 702 சி.சி. டீசல் இஞ்சின், 16 குதிரைச் சக்தி. ஏற்றக்கூடிய பாரமோ முக்கால் டன். வட நாட்டார் 'சோட்டா ஹாத்தி' என்றார்கள். நம்மவர்கள் 'குட்டி யானை' என்றார்கள். உருவம் சிறிது, சுமப்பது பெரிது என்பதால் வந்த பெயர் அது.

இப்படிச் சிறிய இஞ்சின் பெரிய பாரத்தை இழுக்க வேண்டுமானால் கியர்தான் துணை. கடப்பாரையை நீளமாகப் பிடித்து நெம்பினால் பெரிய பாறையும் அசையும். ஆனால் கொஞ்சம்தான் நகரும். முதல் கியர் அதுபோல. பலம் அதிகம், வேகம் குறைவு. மேல் கியரில் வேகம் அதிகம், பலம் குறைவு.

பெரிய லாரி இஞ்சினுக்குக் கைவசம் பலம் நிறைய உண்டு. சற்றே தவறான கியரில் போனாலும் முனகிக்கொண்டாவது இழுத்துவிடும். சிறிய இஞ்சின் அப்படியல்ல. சரியான சுழற்சியில் இருந்தால்தான் இழுக்கும். கொஞ்சம் இறங்கினாலும் மூச்சுத் திணறும். ஆகவே சிறிய வண்டி டிரைவர் அடிக்கடி கியர் மாற்ற வேண்டியிருக்கிறது. அந்த வேலையைத்தான் இப்போது இயந்திரம் எடுத்துக்கொள்கிறது.

வண்டிக்குக் கண் இல்லை

ஆட்டோமாட்டிக் கியர் புதிய சங்கதி அல்ல. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1939-ல் 'ஹைட்ராமாட்டிக்' என்ற பெயரில் இதை அறிமுகம் செய்து, 1940 மாடல் கார்களில் பொருத்தியது. பல பழைய ஆட்டோமாட்டிக் வண்டிகளில் கியர் பெட்டியின் வேலை முழுவதும் ஆயில் அழுத்தத்தால்தான் நடந்தது.

பெட்டிக்குள் ஒரு வால்வு. ஒரு பக்கம் வண்டியின் வேகத்துக்கு ஏற்ற ஆயில் அழுத்தம் அதைத் தள்ளும். மறு பக்கம் டிரைவரின் கால் ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்துகிறதோ, அதற்கேற்ற அழுத்தம் தள்ளும். வேகம் ஜெயித்தால் மேல் கியர். கால் ஜெயித்தால் கீழ்க் கியர். கயிறு இழுக்கும் போட்டி மாதிரிதான்.

இன்று அந்தத் தீர்ப்பைக் கம்ப்யூட்டர் சொல்கிறது. ஆனால் அது முக்கியமாகப் பார்ப்பவை அதே இரண்டுதான்: வண்டியின் வேகம், டிரைவரின் கால்.

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். எதிரே ஏற்றம் வருகிறது என்று கியர் பெட்டிக்குத் தெரியாது. வளைவுக்கு அப்பால் பள்ளம் என்று தெரியாது. புதிய வண்டிகளில், இஞ்சின் இழுக்கும் அளவுக்கு வேகம் கூடவில்லையே என்று கணக்குப் போட்டு ஏற்றத்தை ஊகித்துக்கொள்ளும் வசதி வந்திருக்கிறது. ஆனாலும் ஏற்றத்தில் ஏறிய பிறகுதான் அதற்கு ஏற்றம் தெரியும். டிரைவருக்கோ ஒரு பர்லாங்கு முன்பே தெரியும்.

கண்டாலா ஏற்றத்தில்

மாட்டுங்கா டிரைவர் புதிய வண்டியை எடுத்து இரண்டு வாரம் நகருக்குள் ஓட்டினார். கால் வலி பாதியாகக் குறைந்தது. மூன்றாவது வாரம் புனேயில் ஒரு கல்யாணம். பக்கத்து சீட்டில் கிளீனராக வரும் இளைஞர்.

"இதுல கிளட்சே கிடையாதாமே, அண்ணாச்சி?"

"கிடையாது தம்பி. இடது காலைச் சும்மா வச்சுக்கிடணும். அதுதான் கஷ்டமா இருக்கு."

கொப்போலி தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வண்டி விநோதமாக நடந்துகொண்டது. இழுவை குறைந்ததும் டிரைவர் காலை அழுத்தினார். கியர் இறங்கி இஞ்சின் உறுமியது. வேகம் வந்ததும் காலைத் தளர்த்தினார். உடனே கியர் மேலே போயிற்று. மறுபடி இழுவை போயிற்று. மறுபடி கால், மறுபடி உறுமல். நிமிஷத்துக்கு நாலு முறை இதே கதை. பின்னால் தூங்கியவர்கள் ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் ஆடினார்கள்.

வண்டியில் கோளாறு என்றே அவர் நினைத்தார். கோளாறு இல்லை. பாரம் ஏற்றிய சிறிய இஞ்சின் வண்டி நீண்ட ஏற்றத்தில் இப்படி ஊசலாடுவது உலகம் முழுவதும் தெரிந்த விஷயம். மேல் கியரில் இழுக்கப் பலம் போதவில்லை. கீழ்க் கியரிலோ பலம் மிஞ்சுகிறது. இரண்டுக்கும் நடுவே பெட்டி தடுமாறுகிறது.

இதனால் பயணிகளுக்கு அசௌகரியம் மட்டுமல்ல, பெட்டிக்கும் கேடு. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகள் சற்றே வழுக்கிப் பிடிக்கின்றன. வழுக்கினால் சூடு. சூடு ஏறினால் ஆயில் கெடும். கியர் பெட்டி ஆயில் பெரும்பாலும் புதிதில் நல்ல சிவப்பாக இருக்கும். பழுப்பாகிக் கருகல் வாடை வந்தால் மெக்கானிக்கிடம் போக வேண்டிய நேரம் என்று அர்த்தம்.

தீர்வு எளிது. கியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை டிரைவர் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய நாலு கியர் ஆட்டோமாட்டிக் பிக்கப் வண்டிகள் பலவற்றில் மேல் கியரைப் பூட்டி வைக்க 'ஓவர்டிரைவ்' பொத்தான் இருந்தது. இன்றைய வண்டிகளில் கம்பியை 'டி' என்ற எழுத்திலிருந்து 'எம்' அல்லது 'எல்' பக்கம் தள்ளினால் போதும். மூன்று என்றால் மூன்றிலேயே நிற்கும். ஊசலாட்டம் நின்றுவிடும்.

உண்மையான ஆபத்து இறக்கத்தில்

ஏற்றத்தில் நடப்பது செலவு. இறக்கத்தில் நடப்பது உயிர் சம்பந்தப்பட்டது.

கல்யாணம் முடிந்து இரவு திரும்பினார்கள். அண்டாக்கள் காலி. சமையற்காரர்கள் அசந்து தூங்கினார்கள். லோனாவாலா தாண்டி இறங்கத் தொடங்கியதும் டிரைவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். கம்பி 'டி'யிலேயே இருந்தது.

பெட்டி என்ன நினைக்கும்? வேகம் இருக்கிறது; டிரைவர் பலம் கேட்கவில்லை; ஆகவே மேல் கியர் போதும் என்று நினைக்கும். மேல் கியருக்குப் போனதும், இஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் சக்தி போய்விடுகிறது. வண்டி தன் பாட்டுக்கு ஓடுகிறது. டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். விட்டால் ஓடுகிறது. மறுபடி மிதிக்கிறார்.

பழைய குட்டி யானையில் இருந்தால் அவர் கை தானாகவே இரண்டாம் கியர் போட்டிருக்கும். இதில் கைக்கு வேலை இல்லாததால் புத்தியும் அதை மறந்துவிட்டது.

கொப்போலி வருவதற்குள் கருகல் வாடை அடித்தது. பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டினார். சக்கரத்துக்கு அருகே கையைக் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு அனல். பின்னால் தூங்கியவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் வண்டியை ஆற வைத்தார். அந்த அரை மணி நேரமும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிரேக் என்பது வண்டியின் வேகத்தைச் சூடாக மாற்றும் கருவி. தொடர்ந்து மிதித்தால் சூடு வெளியேற நேரம் கிடைக்காது. லைனிங் பிடிமானத்தை இழக்கும். மேலும் சூடேறினால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டும். குமிழி நசுங்குமே தவிர அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகாது. கால் தரைவரை போகும்; வண்டி நிற்காது. 'பிரேக் பிடிக்கவில்லை' என்று வரும் மலைப்பாதை விபத்துச் செய்திகள் பலவற்றின் பின்னணி இதுதான்.

ஊர் ரயில் சொல்லும் பாடம்

இதே மலையில் ரயில்வேக்காரர்கள் இந்த ஆபத்தை வெகு காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். 1863-ல் திறந்த பாதை அது. 37 அடி போனால் ஓர் அடி ஏற்றம். சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் புனே வழியாகப் போகும் ரயில்களில் ஏறியவர்கள், கர்ஜத்தில் பின்னால் கூடுதல் இஞ்சின் சேர்ப்பதைப் பார்த்திருப்பார்கள். ஏற்றத்துக்குப் பலம் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இறங்கும்போது நடப்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஊரிலிருந்து திரும்பும் ரயில் அந்த மலையில் நின்று நின்று மெதுவாக வரும். 'இன்னும் கல்யாண் வரவில்லையா' என்று அலுத்துக்கொள்வோம். அது பிரேக்கைச் சோதித்துக்கொண்டு வருகிறது. பிடிமானம் இழந்த வண்டியை மேட்டுப் பக்கம் திருப்பிவிட அங்கே தனிக் கிளைப்பாதையே உண்டு. இறக்கத்துக்கு ரயில்வே கொடுக்கும் மரியாதை அது.

சாலையில் அந்த மரியாதைக்குப் பழைய டிரைவர்கள் ஒரே வாக்கியத்தில் விதி வைத்திருந்தார்கள்: எந்தக் கியரில் ஏறுவாயோ, அந்தக் கியரில் இறங்கு. கியரை யார் போட்டாலும் இந்த விதி மாறாது. கம்பியை 'எம்' அல்லது 'எல்'லில் வைத்து இரண்டிலோ மூன்றிலோ நிறுத்திக்கொண்டு இறங்க வேண்டும். இஞ்சின் இரைவதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

டீசல் மிச்சம் என்ற மாயை

சிலர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறார்கள். இன்றைய இஞ்சின்களில் இது வெறும் மாயை. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால், சக்கரமே இஞ்சினைச் சுற்றுகிறது. கம்ப்யூட்டர் எரிபொருளை அறவே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் விட்டாலோ, இஞ்சின் அணையாமல் இருக்க எரிபொருள் போயே தீர வேண்டும். மிச்சம் என்று நினைத்தது நஷ்டம். அதோடு வண்டியும் கட்டுக்குள் இல்லை.

இரண்டு வகை உண்டு

கிளட்ச் பெடல் இல்லாத வண்டி எல்லாம் ஒன்றல்ல. ஒரு வகையில் இஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே ஆயில்தான் பாலம். ஜெர்மானியரான ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ல் கப்பலுக்காகப் பேடண்ட் எடுத்த முறை இது. சித்தரஞ்சனில் செய்த டபிள்யூ.டி.எஸ்.4 ஷண்டிங் இஞ்சின்களும் ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்துபவைதான்.

இன்னொரு வகை, சாதாரண கிளட்ச், சாதாரண கியர் பெட்டி. ஆனால் காலும் கையும் செய்யும் வேலையை இயந்திரம் செய்யும். நம் நாட்டில் 2014-ல் மாருதி செலிரியோ கார் மூலம் இது பரவியது. விலை குறைவு. ஒவ்வொரு கியர் மாற்றத்தின்போதும் ஒரு கணம் இழுவை நின்று வருவது இதன் சுபாவம். பாரத்தோடு முந்திச் செல்ல நினைப்பவர் அந்த ஒரு கணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்த இரண்டாவது வகையில் ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்தவே கூடாது. கண்ணுக்குத் தெரியாமல் கிளட்ச் எரியும். பிரேக் அல்லது ஹேண்ட் பிரேக்தான் போட வேண்டும். பல வண்டிகளில் பார்க்கிங்குக்கான 'பி' என்ற இடமும் கிடையாது. மேட்டில் நிறுத்தினால் கியரில் வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல்லும் வைப்பது நல்லது.

ஜப்பானில் 'கெய்' என்ற குட்டி லாரிகள் உண்டு. இஞ்சின் 660 சி.சி.க்கு மேல் கூடாது, நீளம் 3.4 மீட்டருக்கு மேல் கூடாது. பாரம் 350 கிலோதான். அங்கே விவசாயிகளில் பெரும்பாலோர் முதியவர்கள். அவர்களுடைய முழங்காலுக்கும் ஓய்வு தேவைப்பட்டது. சுசூகி கம்பெனி 2014-ல் தன் கேரி லாரியில் கிளட்சை இயந்திரம் மிதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. டைஹாட்சு 2021-ல் தன் ஹைஜெட் லாரிக்குப் பட்டையால் ஓடும், கியர் படியே இல்லாத முறையைக் கொடுத்தது. வண்டி எவ்வளவு சிறியதோ, கியர் தேர்வு அவ்வளவு முக்கியம் என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

வளைகுடா போகிறவர்கள் கவனத்துக்கு

மும்பையில் டிரைவர் வேலை பார்த்துக்கொண்டே வளைகுடா விசாவுக்குக் காத்திருப்பவர்கள் நம்மவர்களில் அநேகம். நம் நாட்டுக் கார் லைசென்சில் ஆட்டோமாட்டிக், சாதாரண கியர் என்ற பிரிவு இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் உண்டு. ஆட்டோமாட்டிக் வண்டியில் டெஸ்ட் கொடுத்தால் லைசென்சும் ஆட்டோமாட்டிக்குக்கு மட்டும்தான். சாதாரண கியர் பிக்கப் ஓட்ட முடியாது. வேலை தேடிப் போகிறவர் சுலபம் என்று ஆட்டோமாட்டிக்கில் டெஸ்ட் கொடுத்தால், வேலையில் பாதி வாசல் அடைபட்டுவிடும்.

பாலைவனம் எல்லாம் சமதரை என்றும் நினைக்க வேண்டாம். ஓமானில் ஜெபல் அக்தர் மலை அடிவாரத்திலேயே போலீஸ் சாவடி இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளைத்தான் மேலே விடுகிறார்கள். காரணம் அந்தச் செங்குத்து.

மின்சார வண்டியிலும் உண்டு

2022-ல் டாட்டா ஏஸ் மின்சார வண்டி அறிமுகமானது. 36 குதிரைச் சக்தி. ஒரே வேகக் கியர். மாற்றும் பேச்சே இல்லை. மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழுப் பலத்தையும் கொடுப்பதால் ஊசலாட்டமும் இல்லை. இறக்கத்தில் மோட்டாரே டைனமோவாக மாறி வண்டியைப் பிடிக்கும், பேட்டரியும் ஏறும்.

இங்கும் ஒரு நுணுக்கம். மின்சார வண்டி எதுவானாலும், பேட்டரி ஏற்கனவே நிறைந்திருந்தால் கூடுதல் மின்சாரத்தைச் சேர்க்க இடமில்லை. அப்போது மோட்டாரின் பிடிமானம் குறையும். மலை உச்சியில் முழு சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்குகிறவர் இதை மறக்கக்கூடாது. கியர் போய்விட்டாலும் இறக்கம் போகவில்லை.

மறுபடியும் மாட்டுங்கா

அந்த இரவுக்குப் பிறகு டிரைவர், வண்டியோடு வந்த கையேட்டைக் கல்லூரியில் படிக்கும் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். 'எம்' எழுத்தின் பயனை அவள் படித்துச் சொன்னாள். அடுத்த புனே பயணத்தில் வண்டி ஊசலாடவில்லை. பிரேக் வாடையும் வரவில்லை.

பிரேக் சூடான கதையை முதலாளியிடம் அவர் மறைக்கவில்லை. பழி தம் பேரில் வந்தாலும் வரட்டும் என்று சொல்லிவிட்டார். முதலாளி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கிளீனர் இளைஞருக்கு லைசென்ஸ் வந்ததும் மூன்று மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிடும்படி கேட்டுக்கொண்டார். 'யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்' என்ற பேச்சை அவர் அதன் பிறகு எடுக்கவில்லை.

இப்போது லோனாவாலாவில் டீ குடித்துவிட்டு வண்டியில் ஏறும்போதெல்லாம் இளைஞரிடம் ஒரே கேள்விதான்.

"ஏறும்போது எதுல ஏறுனோம், தம்பி?"

"மூணுல, அண்ணாச்சி."

"அப்ப அதுலயே வச்சு இறக்கு."